ஐந்தாம் மணி நேரத்தில் காலில் என்ன மிச்சம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் சைக்கிள் பயிற்சிக்கு வரும் ஒரு தம்பிக்கு வழக்கத்துக்கு மாறான ஒரு சோதனை வைத்தேன். இருபது நிமிடம் முழு மூச்சாக மிதிக்கிற டெஸ்ட் எல்லாருக்கும் தெரியும். காலையில் தூங்கி எழுந்து, காபி குடித்துவிட்டு, புதுக் காலோடு செய்வது. அதில் அவன் மிதிக்கும் சக்தி சராசரியாக 270 வாட்ஸ் வந்திருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே ஓட்டுகிறவனுக்கு நல்ல எண்தான். அதே டெஸ்டை நாலு மணி நேரம் ஈசிஆரில் ஓடிய பிறகு வைத்தேன். 205ஐத் தாண்டவில்லை.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜெர்சியின் பின்பையைக் காலி செய்தான். மூன்று கடலை மிட்டாய், மூன்றும் பிரிக்காமல். வெயிலில் வெல்லம் இளகி உறையோடு ஒட்டியிருந்தது. இரண்டு பாட்டிலில் ஒன்று நிரப்பியபடியே இருந்தது.

"ஓட்டும்போது பசிக்கவே இல்லண்ணா."

அவன் ஐரோப்பிய வசந்தகாலப் பந்தயங்களை விடாமல் பார்ப்பவன். நம் நேரத்துக்கு ராத்திரி எட்டு, எட்டரை மணிக்கு முடியும் பந்தயங்கள் அவை. பெரும்பாலும் கடைசி இருபது நிமிடத்தைப் பார்ப்பான், இல்லையென்றால் மறுநாள் சுருக்கக் காணொளி. அதில் தெரிகிற வெடிப்பான ஏற்றங்களையே வாரம் முழுக்கப் பயிற்சி செய்வான். அந்த இருபது நிமிடத்துக்கு முன்னால் ஐந்தாறு மணி நேரம் என்ன நடந்தது என்பது அவன் கண்ணில் படவே இல்லை. என்னிடம் வருகிற பலரும் இப்படித்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் பந்தயங்களில் பெரியவை ஐந்து: மிலான்–சான் ரெமோ, பிளாண்டர்ஸ், பாரிஸ்–ரூபே, லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ், லொம்பார்தியா. ஐந்துமே ஏறக்குறைய 250 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல். மிலான்–சான் ரெமோ 300ஐத் தொட்டுவிடும். பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் மாதிரி இன்று விட்டதை நாளை பிடிக்க முடியாது. ஒரு அணிக்கு ஏழு பேர். அந்த ஏழு பேருடைய காலில் இருக்கும் மொத்த சக்தியை எங்கே, யாருக்காக, எப்போது செலவழிப்பது என்பதுதான் தந்திரம்.

சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடுகிறது. ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். கூட்டத்தின் நடுவயிற்றில் போனால் கதையே வேறு. 2018இல் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்து ஆராய்ந்தார்கள். தனியாகப் போகிறவர் மேல் மோதும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் உள்ளே பதுங்கியிருப்பவர் மேல் விழுகிறது என்று கண்டார்கள். அதே சாலை, அதே வேகம், ஆனால் முன்னால் இருப்பவரும் உள்ளே இருப்பவரும் செய்யும் வேலை வேறு வேறு.

ஆகவே அணிக்கு ஒரு ஆள் வேண்டும், நாள் முழுக்க முன்னால் நின்று காற்றைத் தின்ன. சுவிட்சர்லாந்தின் சில்வான் டில்லியே எனக்கு மிகப் பிடித்த உதாரணம். மிலான்–சான் ரெமோவில் அல்பெசின் அணிக்காகப் பல மணி நேரம் கூட்டத்தின் முன்னால் இழுத்துக்கொண்டே போவார். முன்னால் தப்பி ஓடிய சிறு குழுவைப் பிடிக்கவும் மாட்டார், விடவும் மாட்டார். இடைவெளியைக் கயிறு கட்டினாற்போல் வைத்திருப்பார். முடிவுப் பட்டியலில் அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இவர் பலமில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 2018 பாரிஸ்–ரூபேயில் பீட்டர் சாகனுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவர் இவர்தான். அப்படிப்பட்ட ஒருவரின் சக்தியைத்தான் அந்த அணி இன்னொருவரின் கடைசி இருபது நிமிடத்துக்காகச் செலவழிக்கிறது.

2024 சான் ரெமோவில் இதன் உச்சம் நடந்தது. அதே அல்பெசின் அணியின் மத்தியூ வான் டெர் பூல் அப்போது நடப்பு உலக சாம்பியன், முந்தைய ஆண்டு அதே பந்தயத்தை வென்றவர். முடிவுக்குச் சற்று முன் வரும் போஜியோ ஏற்றத்தில் ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சர் தாக்கியபோது, அதாவது திடீரென்று வேகம் கூட்டி விலகப் பார்த்தபோது, பின்னால் ஒட்டினார். சிறு குழுவாகக் கடற்கரைக்கு இறங்கியதும், சக வீரர் யாஸ்பர் பிலிப்சன் இன்னும் உடன் இருப்பதைப் பார்த்தார். பிலிப்சன் அவரைவிட வேகமான ஸ்பிரிண்டர், கடைசி சில நூறு மீட்டர் பாய்ச்சலில் தேர்ந்தவர். உலக சாம்பியன் சட்டையோடு முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டார், பிலிப்சன் வென்றார். யாருடைய காலில் எது மிச்சம் இருக்கிறது என்பதை அந்த நொடியில் நேர்மையாகக் கணக்குப் போட்டதால் கிடைத்த வெற்றி அது.

கால்களும் ஒரே மாதிரி இல்லை. 2025 சான் ரெமோவைப் போல அதைத் தெளிவாகக் காட்டிய பந்தயம் குறைவு. முடிவுக்கு இருபதுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் இருக்கும்போதே சிப்ரெஸா ஏற்றத்தில் பொகாச்சர் உடைத்துக்கொண்டு போனார். அவரோடு கடைசிவரை மல்லுக்கட்டியவர்கள் இரண்டே பேர், வான் டெர் பூலும் இத்தாலியின் பிலிப்போ கன்னாவும். பொகாச்சர் இலேசான உடம்பு, ஏற்றம் நீள நீள அவருக்குச் சாதகம். வான் டெர் பூலுக்குத் திடீரென்று வெடிக்கும் கால். கன்னா எண்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆள், 2022இல் ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓடி உலக சாதனை வைத்தவர். போஜியோ 3.7 கிலோமீட்டர்தான், இவர்கள் ஆறு நிமிடத்துக்குள் ஏறிவிடுவார்கள். அதில் கன்னா பின்தங்கினார். பின்தங்கினவர் பதறவில்லை. மற்ற இருவரின் வேகத்துக்கு எழுந்து எழுந்து துரத்தாமல், தன் காலுக்குத் தெரிந்த ஒரே சீரான அழுத்தத்தில் மிதித்து, கடைசி கிலோமீட்டர்களில் மறுபடி வந்து சேர்ந்தார். வான் டெர் பூலுக்கு அடுத்து இரண்டாவதாக முடித்தார், பொகாச்சர் மூன்றாவது. பின்தங்கிய வீரர் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால், கன்னாவின் அந்தக் கடைசிக் கிலோமீட்டர்களைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

சரி, இப்போது என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்த பந்தயத்துக்கு வருகிறேன். 2025 ஏப்ரல் 2, பெல்ஜியத்தில் ட்வார்ஸ் டோர் பிளாண்டரன். கடைசியில் முன்னால் நாலு பேர். அதில் மூன்று பேர் ஒரே அணி: விஸ்மா அணியின் வௌட் வான் ஆர்ட், டீஸ் பெனூட், மாட்டேயோ ஜோர்கன்சன். நாலாவது ஆள் அமெரிக்காவின் நீல்சன் பவ்லெஸ், தனி ஆள். இப்படி அமைந்தால் பாடம் மிக எளிது. மூவரில் ஒருவர் தாக்க வேண்டும். தனி ஆள் துரத்திப் பிடிப்பார். பிடித்த நொடியில் இரண்டாமவர் தாக்க வேண்டும், அப்புறம் மூன்றாமவர். ஒரு கட்டத்தில் தனி ஆளின் கால் ஓய்ந்துவிடும், இல்லையென்றால் அவர் துரத்தாமல் விட்டுவிடுவார். எப்படியும் மூவரில் ஒருவர் தனியாகப் போய்விடுவார்.

விஸ்மா அதைச் செய்யவில்லை. வான் ஆர்ட் நால்வரில் வேகமான ஸ்பிரிண்டர் என்பது காகிதத்தில் சந்தேகமே இல்லாத விஷயம். ஆகவே மற்ற இருவரும் அவருக்காக இழுத்தார்கள், முடிவு ஸ்பிரிண்டுக்கு விடப்பட்டது. பவ்லெஸ் வான் ஆர்ட்டின் பின்னாலிருந்து வெளியே வந்து தாண்டிப் போய்விட்டார். அந்தத் திட்டத்துக்குத் தானே பொறுப்பு என்று வான் ஆர்ட் பிறகு வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒரு வருடம் முன்பு இதே பந்தயத்தில் விழுந்து கழுத்தெலும்பும் விலா எலும்புகளும் உடைந்தவர் அவர். அவருக்கு அங்கே ஒரு வெற்றி வேண்டும் என்று அணியே ஆசைப்பட்டது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் நம்பியது புதுக் காலின் ஸ்பிரிண்டை. 180 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிய பிறகு யார் வேகமானவர் என்பது வேறு கேள்வி. மூன்று பேர் என்ற உறுதியான சாதகத்தை, ஒரே ஒருவரின் கால் என்ற உறுதியில்லாத ஒன்றுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

தாக்கினால் மட்டும் போதும் என்றும் இல்லை. 2015இல் பெல்ஜியத்தின் ஓம்லூப் பந்தயத்தில் இயன் ஸ்டான்னார்ட் தனி ஆளாக, ஒரே அணியின் பூனன், டெர்ப்ஸ்ட்ரா, வாண்டன்பெர்க் மூவரோடும் மாட்டிக்கொண்டார். அவர்கள் தாக்கத்தான் செய்தார்கள். ஸ்டான்னார்ட் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, தானே ஒரு தாக்குதலும் வைத்து, கடைசியில் டெர்ப்ஸ்ட்ராவை ஸ்பிரிண்டில் வென்றார். என் பார்வையில், ஆள் எண்ணிக்கையைவிட அந்த நிமிடத்தில் காலில் இருந்த மிச்சம் பெரிதாக இருந்தது.

நாம் சொல்வதற்கு நேர் எதிராக, ஆரம்பத்திலேயே முன்னால் தப்பி ஓடியவரே கடைசியில் வென்ற ஒரு பந்தயமும் உண்டு. 2016 பாரிஸ்–ரூபே. மேத்யூ ஹேமன், வயது 37, பிறருக்காக உழைத்தே காலம் கழித்த ஆஸ்திரேலியர். ஐந்தாறு வாரம் முன்பு கை எலும்பு உடைந்து, வீட்டுக்குள் டிரெய்னர் என்ற தாங்கி மேல் நகராமல் நிறுத்தி வைத்த சைக்கிளிலேயே பெரும்பாலும் பயிற்சி செய்தவர். ஆரம்பத்திலேயே தப்பிய குழுவில் சேர்ந்துகொண்டார். கல் பாவிய பாதைகளில் பின்னால் நடக்கும் தள்ளுமுள்ளும் விழுதலும் அவரைத் தொடவில்லை. பெரிய ஆட்கள் துரத்தி வந்து சேர்ந்தபோது அவர்களோடு தங்கிவிட்டார். கடைசியில் ஐந்தாவது வெற்றிக்காக வந்த டாம் பூனனை, பந்தயம் முடியும் சைக்கிள் மைதானத்தில் முந்தினார். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இதைக் கேட்டதும் முதலில் பிடித்துக்கொள்வது உடைந்த கையை. தயவுசெய்து அதைப் பிடிக்காதீர்கள். அவர் பின்னால் ஒரு மருத்துவக் குழு இருந்தது. எலும்பு ஒட்டுவதற்கு முன் ரோட்டுக்கு வந்து மறுபடி விழுந்து, ஆறு வாரத்தில் முடிய வேண்டியதை ஆறு மாதம் ஆக்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒட்டிப் போவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் ஓடுவது மூடிய சாலை. ஈசிஆரில் பஸ் வரும், நாய் குறுக்கே வரும். முன்னால் இருப்பவர் குழியைக் கையால் காட்டாவிட்டால் பின்னால் இருப்பவர் போய்விட்டார். ஆறு மாதம் சேர்ந்து ஓட்டிப் பழகாதவர் பின்னால் ஒரு சைக்கிள் நீளத்துக்கும் குறைவாக ஒட்டாதீர்கள். டெலிவரி வேன், லாரி பின்னால் ஒட்டுவது கூடவே கூடாது. இறக்கத்தில் சீட்டை விட்டு சைக்கிளின் மேல்குழாய் மீது உட்கார்ந்து குனியும் பழக்கத்தை 2021 ஏப்ரலில் இருந்து தொழில்முறை வீரர்களுக்கே தடை செய்துவிட்டார்கள். ஏலகிரி வளைவுகளில் இன்னும் அதைச் செய்கிற பையன்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. தலையில் அடிபட்டு யாராவது விழுந்தால் எழுப்பி உடனே சைக்கிளில் ஏற்றாதீர்கள். பேச்சு குழறுகிறதா, நடந்தது ஞாபகம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது, நேராக மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம் சாப்பாடு. இந்த வீரர்கள் இன்று மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து உள்ளே தள்ளுகிறார்கள். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்குத்தான் இருக்கும் என்றால் யோசித்துப் பாருங்கள். அவர்கள் குடல் அதற்குப் பழக்கப்பட்டது. நாம் நாளைக்கே அதைச் செய்தால் வயிறு புரட்டும். மணிக்கு 30, 40 கிராமில் ஆரம்பித்து வாரம் வாரம் கூட்ட வேண்டும். கடலை மிட்டாய் மெதுவாகப் போகும் நீண்ட ஓட்டத்துக்கு நல்லது. வேகமாகப் போகும்போது கடலையின் கொழுப்பு செரிக்க நேரம் எடுக்கும். அப்போது வாழைப்பழம், பேரீச்சம்பழம், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் போதும். பசி வரும்வரை காத்திருக்கக் கூடாது. பசி தெரியும்போது காலின் சக்தி ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டிருக்கும்.

அந்தத் தம்பிக்கு வார நடுவில் இருந்த வெடிப்பு ஏற்றங்களில் பாதியை எடுத்துவிட்டேன். கைக்கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்திருக்கிறான், அடித்தால் வாயில் ஏதாவது போட வேண்டும். நேற்று நாலாவது ஞாயிறு. நாலு மணி நேரத்துக்குப் பிறகு வைத்த அதே டெஸ்டில் 238 வந்தது. பின்பையில் வாழைப்பழத் தோல் நாலும் பேரீச்சங்கொட்டைகளும் மட்டும் இருந்தன. அடுத்த மாதம் ஐந்து மணி நேரத்துக்குப் போகிறோம்.