கட்டி முடித்த ஆலை எதற்காகக் காத்திருக்கிறது?

“புதிய குப்பை ஆலையில் எல்லா வேலையும் முடிந்த பிறகும், ஏன் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குப்பை வாங்குகிறார்கள்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சோம்பேறித்தனம் என்று அவருக்குச் சந்தேகம்.

இயந்திரங்கள் பொத்தானை அழுத்தினால் ஓடும். சுழலும் சல்லடை அளவு பார்த்துப் பிரிக்கும், காந்தம் இரும்பை இழுக்கும், அகச்சிவப்புக் கண் பிளாஸ்டிக்கின் வகையைக் கண்டுபிடிக்கும். சரி, அதை விடுங்கள். காத்திருக்க வைப்பது மக்கும் குப்பை போகும் செரிப்புக் கலன்தான்.

காற்றுப் புகாத கலன், பெரும்பாலும் 35 முதல் 38 டிகிரி சூடு. உள்ளே ஒரு கூட்டம் பாக்டீரியா மாவையும் புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும். இன்னொரு கூட்டம் அதை நொதிக்கவைத்து அமிலங்களாக்கும். இதுவரை எல்லாம் வேகம்தான். அந்த அமிலங்களை அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும் மூன்றாவது கூட்டத்துக்குத்தான் விசித்திரமான சிக்கல்: தான் வெளியிடும் ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் அதற்கு ஆற்றலே கிடைக்காது. புரோப்பியானிக் அமிலத்தைத் தின்னும் வகைக்கு, ஹைட்ரஜனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாக வேண்டும். அதை அப்படி வைத்திருப்பவை பக்கத்திலேயே ஒட்டி வாழும் ஆர்க்கியாக்கள் என்ற, பாக்டீரியாவிலிருந்து வேறான நுண்ணுயிர்கள். ஹைட்ரஜனையும் கார்பன் டைஆக்சைடையும் எடுத்து மீத்தேன் ஆக்குவதே அவற்றின் பிழைப்பு. ஒன்று தின்னாவிட்டால் மற்றதுக்கும் சோறில்லை.

இந்தக் கூட்டு எவ்வளவு நெருக்கம் தெரியுமா? ஆல்கஹாலைத் தின்று மீத்தேன் தரும் தனியொரு நுண்ணுயிர் என்று மெத்தனோபேசில்லஸ் ஒமெலியான்ஸ்கியை நெடுநாள் நம்பியிருந்தார்கள். 1967இல் நுண்ணுயிரியலாளர் பிரையன்டும் சக ஆய்வாளர்களும் பிரித்துப் பார்த்தால், அது இரண்டு உயிர்! ஆல்கஹாலைத் தின்னும் ஒன்று, தனியே விட்டால் தன் ஹைட்ரஜனிலேயே திணறுகிறது. மற்றொன்றால் ஆல்கஹாலைத் தொடவே முடியாது. “இதனால் என்ன லாபம்?” என்ற கேள்வியை மட்டும் வைத்து நிதி ஒதுக்குபவர்களிடம் இந்த ஆய்வு போயிருந்தால், முதல் சுற்றிலேயே திரும்பி வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். அமிலம் ஆக்குபவை மணிக்கணக்கில் பெருகும்; மீத்தேன் ஆக்குபவற்றில் பலவற்றுக்கு இரட்டிப்பாக நாள்கணக்கு ஆகும். முதல் நாளே லாரி லாரியாகக் கொட்டினால் அமிலம் குவியும், பிஎச் 7ஐ விட்டு இறங்கும், மீத்தேன் வேலை நிற்கும், ஹைட்ரஜன் தேங்கும், அதனால் அமிலம் இன்னும் குவியும். கலன் புளித்துவிடும். ஒரு பொட்டலம் பொடி தூவினால் ஒரே வாரத்தில் சரியாகும் என்று விற்பவர்களை நான் நம்புவதில்லை. பொடியால் இந்த இரட்டிப்பு நேரத்தைச் சுருக்க முடியாது.

அதனால், ஏற்கெனவே ஓடும் ஒரு கலனிலிருந்து டேங்கரில் கழிவுக்குழம்பு கொண்டுவந்து ஊற்றுகிறார்கள், தயிருக்கு உறை ஊற்றுவது போல. பிறகு கொஞ்சம் தீனி, அமில அளவுச் சோதனை, மறுபடி கொஞ்சம் தீனி. அளவு ஏறியிருந்தால், வாசலில் எத்தனை லாரி நின்றாலும் அன்று கலனுக்குப் பட்டினிதான்.