ரீலோடிங்: தோட்டாவை மறுபடி கெட்டித்தல்

நெடுந்தொலைவு ரைஃபிள் போட்டிகளைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர் முதலில் தடுக்கி விழும் சொல் ரீலோடிங் என்பதுதான். கணினி மொழிபெயர்ப்பில் இட்டுப் பார்த்தால் ‘மறுஏற்றம்’ என்று வரும். சில வேளைகளில் ‘மீள்சுமையேற்றம்’ என்றுகூட வரும். திரைப்படம் பார்த்துப் பழகியவர்களுக்கோ, சண்டையின் நடுவே தோட்டாக்கள் தீர்ந்த மேகசின் என்னும் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைச் செருகுவதே ரீலோடு. போட்டிக்காரர்கள் இவ்விரண்டையும் கருதுவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கோதை, அதாவது தோட்டாவின் ஓட்டை, எறியாமல் எடுத்துவந்து, அதற்குப் புதிய கேப்பு (அடிபட்டதும் பொறி தெறித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), புதிய வெடிமருந்து, புதிய குண்டு ஆகிய மூன்றையும் கொடுத்து மீண்டும் முழுத் தோட்டாவாக்கும் மேசை வேலையையே அவர்கள் அப்பெயரால் அழைக்கிறார்கள். துப்பாக்கியைத் தொடாமலேயே செய்யப்படும் வேலை இது. ஒரே ஆங்கிலச் சொல் இரு வேறு செயல்களுக்கு நிற்பதால், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழில் இரண்டுமே கெட்டுவிடும்.

ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. லோடு என்ற சொல்லின் பழைய வடிவத்துக்கு வழி, பயணம், சுமந்து செல்லுதல் என்று பொருள். அதிலிருந்து சுமை என்ற பொருள் வந்தது. வண்டிக்குச் சுமை ஏற்றுவதுபோல் துப்பாக்கிக்கும் மருந்தையும் குண்டையும் ஏற்றுவதாகக் கருதி அதே சொல்லைத் துப்பாக்கிக்கும் பயன்படுத்தினார்கள். இதே செயலைக் குறிக்கும் சார்ஜ் என்ற சொல்லின் வேரும் வண்டியில் பாரம் ஏற்றுவதுதான். சுமையேற்றம் என்ற உருவகம் அவர்கள் வண்டிப் பாதையில் பிறந்தது. தமிழில் யாரும் துப்பாக்கிக்குச் சுமை ஏற்றியதில்லை.

துப்பாக்கியின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டுக்கொண்டிருந்த வரையில் ஆங்கிலத்துக்கு ஒரு சொல் போதுமானதாகவே இருந்தது. தோட்டா வந்த பிறகுதான் வேலை இரண்டாகப் பிரிந்தது: தோட்டாவைச் செய்து வைப்பது ஒன்று, செய்து வைத்ததைத் துப்பாக்கியில் போடுவது மற்றொன்று. இந்தப் பிரிவு கண்முன் நிகழ்ந்த ஒரு போட்டி உண்டு. 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் கிரீட்மோர் என்ற திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கஜத் தொலைவுகளில் மோதின. அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி கெட்டிக்கும் ரிக்பி ரைஃபிள்களைக் கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் மருந்து அளந்து குழலில் கொட்டி, குண்டை இறக்கி, கோலால் இடித்தார்கள். அமெரிக்கர்களின் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரைஃபிள்கள் பின்பக்கம் திறப்பவை. முன்கூட்டியே செய்து வைத்த தோட்டாவைப் போட்டு மூடினால் போதும். 934-க்கு 931 என்ற கணக்கில் அமெரிக்கர்கள் வென்றார்கள். அயர்லாந்து அணியின் மில்னர் என்பவர் சுட்ட ஒரு குண்டு பக்கத்து இலக்கின் நடுவில் போய்ப் பட்டதால் அதற்குரிய 4 புள்ளிகள் பூஜ்யமாயின. அது தன் இலக்கில் பட்டிருந்தால் வெற்றி மாறியிருக்கும். ஆகவே வென்றது துப்பாக்கியா, அந்தத் தவறா என்று இன்றும் வாதாடலாம். வாய்வழி கெட்டிக்கும் முறை மட்டும் அதன்பின் நெடுநாள் நிற்கவில்லை. 6.5 கிரீட்மோர் என்று இன்று பரவலாக வழங்கும் தோட்டா வகைக்குப் பெயர் அந்தத் திடலிலிருந்து வந்ததே.

தமிழில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம் இதற்கு நேரான வினை இருந்தது. கருமருந்தைக் குழலில் இட்டு, அதன்மேல் துணியோ தேங்காய் நாரோ வைத்து, ரவையைப் போட்டு, மீண்டும் அடைத்துக் கோலால் இறுக்குவதற்குக் கெட்டித்தல் என்று பெயர். துப்பாக்கியைக் கெட்டித்து வைத்திருக்கிறான் என்றால் சுடுவதற்கு அணியமாக வைத்திருக்கிறான் என்று பொருள். தோட்டாவுக்கு இந்த வினையை யாரும் இயல்பாகச் சொல்வதில்லை. தோட்டாவைப் போடுவார்கள், இடுவார்கள், பத்திரிகை நடையில் நிரப்புவார்கள். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்த இரண்டு செயல்களுக்கும் தமிழில் தனித்தனி வினைகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதே இதிலிருந்து தெரிவது. மருந்து சேர்த்து அடைப்பது கெட்டித்தல். அடைத்ததைத் துப்பாக்கிக்குள் வைப்பது இடுதல்.

மருந்து என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெடிக்கும் பொடிக்கு நோய் தீர்க்கும் பொருளின் பெயரை வைத்தது தமிழின் விந்தை என்று நினைப்பவர்கள் உண்டு. வெடிமருந்தைக் கண்டுபிடித்த சீனர்களின் மொழியிலேயே அதன் பெயருக்குத் தீமருந்து என்றுதான் பொருள். பாரசீகத்தில் மருந்தைக் குறிக்கும் தாரு என்ற சொல் மராத்தியில் வெடிமருந்தையும் குறிக்கிறது. எனவே மருந்து என்பதை விட்டுவிட்டுப் ‘பவுடர்’ என்று எழுதுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இனித் தோட்டா. இது தமிழ் வேர்ச்சொல் அன்று. இந்துஸ்தானியில் டோட்டா என்று வழங்குவதன் தமிழ் வடிவம். தெலுங்கில் தூட்டா, கன்னடத்தில் தோட்டா என்று இச்சொல் தக்காணம் முழுவதும் படைகளோடு பரவியிருக்கிறது. நெற்றின் மேலோட்டைக் குறிக்கும் தோடு என்பதிலிருந்து இதை வருவிக்கும் முயற்சி பார்க்க அழகாக இருந்தாலும், அண்டை மொழிகளில் இதே பொருளில் இதே சொல் கிடக்கும்போது அதை ஏற்பது கடினம். ஆங்கிலக் கார்ட்ரிட்ஜும் இரவல்தான். இத்தாலிய மொழியில் காகிதச் சுருளைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. முதலில் தோட்டா என்பதே காகிதப் பொட்டலமாகத்தான் இருந்தது. 1857-இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த, கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாவைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அவர்கள் கடிக்க வேண்டியிருந்தது காகிதத்தை, குண்டையல்ல.

அந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டால், செய்தித்தாள்களில் ‘தோட்டா பாய்ந்து இறந்தார்’ என்று எழுதுவது எவ்வளவு பொருந்தாதது என்று விளங்கும். தோட்டா என்பது கோது, கேப்பு, மருந்து, குண்டு என்ற நான்கும் சேர்ந்த முழுப்பொருள். பாய்வது குண்டு மட்டுமே. கோது சுட்டவர் காலடியில் கிடக்கும். கிணறு தோண்டும்போது பாறைக்குத் தோட்டா வைப்பவர்களும், ஆற்றில் தோட்டா போட்டுத் திருட்டுத்தனமாக மீன் பிடிப்பவர்களும் குண்டே இல்லாத வெடிமருந்துக் கட்டையும் தோட்டா என்றே சொல்கிறார்கள். சொல்லின் கரு மருந்துப் பொட்டலம்தான் என்பதற்கு அந்த வழக்கே சான்று.

இலங்கைத் தமிழ் இந்த இடத்தில் நம்மைவிடத் துல்லியமானது. அங்கே செய்திகளில் முழுத் தோட்டா ரவை, பாயும் பகுதி சன்னம், எஞ்சும் ஓடு வெற்றுக்கோது. புளியங்கோது, கரும்புக் கோது என்று சாரம் போன பின் எஞ்சுவதைச் சொல்லும் பழஞ்சொல், வெடித்து முடிந்த பித்தளைக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! தமிழ்நாட்டில் ‘வெற்றுத் தோட்டா’, ‘காலித் தோட்டா’ என்கிறார்கள். ஒலிக்காக மட்டும் வெடிக்கும் குண்டில்லாத தோட்டாவுக்கும் வெற்றுத் தோட்டா என்ற பெயரே வழங்குவதால் படிப்பவர் திகைக்கிறார். கோது என்பதை நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ரவை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே அது நாட்டுத் துப்பாக்கியில் போடும் சிறு ஈயமணி, உப்புமாவுக்கு வறுக்கும் ரவைக்கு உறவு. ஒரே சொல்லுக்குக் கடலின் இருபுறமும் இரு பொருள் என்பதை அறிந்து எழுதினால் போதும்.

கேப்புக்கு எரிதூண்டி என்று எழுதலாம். தீபாவளிப் பொட்டுவெடியை அறிந்தவருக்குக் கேப்பு என்றாலே விளங்கும். அடித்தால் பொறி தெறிப்பதே இரண்டின் வேலையும்.

இப்போது மறுகெட்டிப்பு நடக்கும் மேசையைப் பார்க்கலாம். சுட்ட கோதின் கழுத்து கரி படிந்திருக்கும். அடியில் உள்ள கேப்பில் ஊசி அடித்த குழி இருக்கும். வெடிப்பின் அழுத்தத்தில் கோது துப்பாக்கியில் தோட்டா அமரும் அறைக்கேற்பச் சற்று உப்பியிருக்கும் என்பதால், அதற்கு மெல்ல எண்ணெய்ப் பூச்சுக் கொடுத்து, கைப்பிடி வைத்த அழுத்துபொறியில் டை என்னும் எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். கோது பழைய அளவுக்குத் திரும்புகிறது. அச்சின் நடுவே உள்ள ஊசி பழைய கேப்பைத் தள்ளிவிட, அது கீழே உள்ள கிண்ணத்தில் ‘டிக்’ என்று விழுகிறது. நீண்டுபோன வாயை அறுத்துச் சமன்செய்து, விளிம்பைச் சீவும்போது தலைமயிர் போன்ற பித்தளைச் சுருள் ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வரும். பின்பு புதிய கேப்பு. அதன்பின் தராசு. ரைஃபிள் மருந்து பென்சில் கரியைப் பொடிப்பொடியாக நறுக்கியதுபோல் இருக்கும். தட்டில் கொட்டி, முள் நடுவுக்கு வரும்வரை ஒவ்வொரு குச்சியாகச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியாகக் குண்டை வைத்து, தோட்டாவின் மொத்த நீளம் மாறாதபடி அழுத்துகிறார்கள்.

எடையின் அலகு கிரெயின். பார்லி மணியின் எடையிலிருந்து வந்த இந்த அளவு 64.8 மில்லிகிராம், 7000 கிரெயின் ஒரு பவுண்டு. நம் பொற்கொல்லர்களின் கணக்கிலும் 4 நெல்லெடை ஒரு குன்றிமணி என்று தானியத்தில்தான் நிறுவை தொடங்குகிறது. இந்த ஒற்றுமையில் மயங்கிக் கிரெயினை நெல்லெடை என்று பெயர்க்கும் ஆசை யாருக்கும் வரலாம். செய்யக் கூடாது. நெல்லெடை ஏறத்தாழ அதில் பாதிதான். மருந்தின் அளவில் பிழை என்பது துப்பாக்கியே பிளக்கும் பிழை. அலகைக் கிரெயின் என்று ஒலிபெயர்த்தே எழுத வேண்டும்.

ஆலையில் செய்த தோட்டா கடையில் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். சிக்கனம் ஒரு காரணம். கோதுதான் தோட்டாவின் விலையுயர்ந்த பகுதிகளில் ஒன்று, அதைப் பலமுறை பயன்படுத்த முடியும். போட்டிக்காரருக்கு அதைவிடப் பெரிய காரணம் சீர்மை. எஃப் கிளாஸ் என்ற போட்டி வகையில், 1000 கஜத்துக்கு, அதாவது 914 மீட்டருக்கு அப்பால், பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம், சமநிலை வந்தால் தீர்க்கும் உள்வளையம் 5 அங்குலம்: சாப்பாட்டுத் தட்டும் அதன் நடுவில் ஒரு சாசரும். குண்டின் வேகம் ஒரு சூட்டுக்கும் மறு சூட்டுக்கும் வினாடிக்குப் பத்தடி மாறினாலே அந்தத் தொலைவில் விழுமிடம் சில அங்குலம் மேலோ கீழோ போய்விடும், சாசர் தவறிவிடும். துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் பென்ச்ரெஸ்ட் போட்டிகளில் சுடுபவர்கள் திடலுக்கே அழுத்துபொறியைக் கொண்டுவந்து, இரண்டு சுற்றுகளுக்கு நடுவே அதே கோதுகளை மறுகெட்டிக்கிறார்கள். இதற்கு நேர்மாறானது இங்கிலாந்தின் பிஸ்லி திடலில் நெடுங்காலமாக நடந்துவரும் டார்கெட் ரைஃபிள் போட்டிகளின் மரபு. அங்கே எல்லோருக்கும் ஒரே ஆலைத் தோட்டாவை வழங்கி, வேறுபாடு சுடுபவரின் கையிலும் காற்றைப் படிப்பதிலும் மட்டும் இருக்கும்படி செய்கிறார்கள். எது நியாயமான போட்டி என்பதில் இரு தரப்பும் விட்டுக்கொடுப்பதில்லை.

எல்லாத் தோட்டாவையும் மறுகெட்டிக்க முடியாது என்பதையும் சொல்லின் வரையறையில் சேர்க்க வேண்டும். 1866-இல் இங்கிலாந்தின் பாக்ஸரும் அமெரிக்காவின் பெர்டானும் தனித்தனியே இரண்டு கேப்பு வகைகளுக்குக் காப்புரிமை பெற்றார்கள். பாக்ஸர் வகைக்குக் கோதின் அடியில் நடுவே ஒரு துளை; ஊசி நேராக உள்ளே போகும். பெர்டான் வகையில் துளைகள் ஓரமாக இருப்பதால் பழைய கேப்பை எடுப்பது பெரும்பாடு. ஆங்கிலேயர் செய்தது அமெரிக்காவில் நிலைத்ததும், அமெரிக்கர் செய்தது ஐரோப்பாவில் பரவியதும் வேடிக்கை. மறுகெட்டிப்பு அமெரிக்காவில் அவ்வளவு செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிளில் பயன்படும் .22 தோட்டாவில் எரிதூண்டும் பொருள் கோதின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஒருமுறை அடி வாங்கி விளிம்பு நசுங்கினால் கோது முடிந்தது. 2024-இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்த வகையில். அபினவ் பிந்த்ரா 2008-இல் தங்கம் வென்ற, சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் வெண்கலம் வென்ற, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் கலந்துகொள்ளும் 10 மீட்டர் காற்றழுத்த ரைஃபிளிலோ தோட்டாவே இல்லை, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு மட்டும்தான். அவர்களைப் பற்றிய செய்தியில் தோட்டா என்று எழுதுவது தவறு.

இந்தியாவில் தோட்டா செய்வதற்கு 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால், மறுகெட்டிப்பு இங்கே வீட்டுப் பொழுதுபோக்காக வேரூன்றவில்லை; சொல் தேவைப்படுவது பெரும்பாலும் அயல்நாட்டுச் செய்திகளை எழுதுபவர்களுக்கே. ‘மறுநிரப்பு’ என்பது எளிதாகத் தோன்றினாலும், அது பேனா மைக்கும் எரிவாயு உருளைக்கும் பழகிய சொல். மேலும் கோதை மருந்தால் நிரப்புவதில்லை, நிறுத்த அளவே இடுகிறார்கள். இன்றைய தோட்டாக்களில் இடும் புகையில்லா மருந்தைக் கோலால் இடிப்பதில்லையே, கெட்டித்தல் எப்படிப் பொருந்தும் என்ற தடை நியாயமானது. ஆனால் மருந்தும் குண்டும் சேர்த்து அடைத்து ஆயத்தமாக்குதல் என்ற விரிந்த பொருள் அந்த வினைக்கு வந்துவிட்டது. கோலை இழந்தாலும் அது நிற்கும். எனவே செயலுக்குத் தோட்டா மறுகெட்டிப்பு. அப்படிச் செய்ததற்குக் கைகெட்டுத் தோட்டா, கடையில் வாங்கியதற்கு ஆலைத் தோட்டா. மேகசின் மாற்றுவதற்கு மறுபடி தோட்டா இடுதல். வாக்கியத்தில் இப்படி வரும்: ‘ஐந்து முறை மறுகெட்டித்த கோதுகளைக் கழித்துவிட்டு, புதிய கோதுகளோடு அவர் 1000 கஜச் சுற்றுக்கு வந்தார், வரிசையில் படுத்த பிறகுதான் தோட்டா இட அனுமதி கிடைத்தது.’