போக்கர்: தட்டலும் உதாரும்

போக்கர் என்ற சீட்டாட்டத்தின் பெயரைக் கேட்டதும் நம் காதில் முதலில் விழுவது போக்கிரிதான். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; பிள்ளை சீட்டாடுகிறான் என்று தெரிந்துகொண்ட அம்மாக்கள் மட்டும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கணப்பில் கரியைக் கிளறும் கம்பிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு. அதுவும் இந்த வீட்டுப் பிள்ளை அல்ல.

இதன் தாய் பிரெஞ்சுக்காரர்கள் ஆடிய 'போக்' என்ற சீட்டாட்டம் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஜெர்மானியர்களிடம் அதற்கு 'போஹன்' என்று பெயர். அந்த ஜெர்மன் வினைச்சொல்லுக்குத் தட்டுதல் என்றும் பொருள், வீறாப்பாகப் பேசுதல் என்றும் பொருள். பிரான்ஸ் 1803-ல் லூயிசியானாவை அமெரிக்காவுக்கு விற்றது. கொடி மாறினாலும் அங்கிருந்த நியூ ஆர்லியன்ஸ் நகரத்தாரின் பிரெஞ்சுப் பேச்சு உடனே மாறிவிடவில்லை. அங்கே அமெரிக்க வாய்களில் புகுந்து போக்கர் ஆன ஆட்டம், மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் ஏறி வடக்கே போனது. தொடக்கத்தில் அதற்கு 20 சீட்டுதான்: ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. 52 சீட்டுக் கட்டு பின்னால் வந்தது.

தட்டுவது இன்னும் ஒழியவில்லை என்பதுதான் வேடிக்கை. பந்தயத்தை ஏற்றாமல் அப்படியே விட நினைப்பவர் வாயைத் திறக்க மாட்டார். விரலால் மேசையை இரண்டு தட்டு தட்டுவார். தான் பெயரின் வேர்ப்பொருளையே செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பெயரின் மறுபாதியான வீறாப்பு நம் பக்கத்து வீடு வரைக்கும் வருகிறது. ஆங்கிலேயர்களிடம் 'பிராக்' என்று மூன்று சீட்டு ஆட்டம் ஒன்று உண்டு. அந்தச் சொல்லுக்கும் பெருமையடித்தல் என்றே பொருள். அதிலிருந்து வந்ததுதான் இந்தியாவெங்கும் ஆடும் தீன் பத்தி, நம் ஊர் மூணு சீட்டு. பெயரிலிருந்த பெருமையை நாம் கழற்றிவிட்டோம், எண்ணிக்கை மட்டும் நின்றது.

இப்போது அதிகம் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டக் கூடாது. மேசை நடுவில் முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று என ஐந்து சீட்டு திறப்பார்கள். அவை எல்லோருக்கும் பொது. ஆக ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. நடுச்சீட்டு திறக்கும் முன் ஒரு முறை, ஒவ்வொரு திறப்புக்குப் பின்னும் ஒரு முறை, மொத்தம் நான்கு சுற்றுப் பந்தயம். எதிராளி கட்டிய அளவுக்கு நீங்களும் கட்டலாம், ஏற்றலாம், பிடிக்காவிட்டால் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடலாம். கட்டுதல், ஏற்றுதல், கவிழ்த்தல்: இவற்றுக்குப் புதுச் சொல் தேட வேண்டிய அவசியமே இல்லை.

கைகளின் தரவரிசையை மனப்பாடம் செய்வதைவிட, அது அபூர்வத்தின் வரிசை என்று புரிந்துகொள்வது சுலபம். 52-ல் ஐந்து சீட்டை 25,98,960 விதமாக எடுக்கலாம். அவற்றில் பாதிக்கும் மேல் ஒன்றும் தேறாத கைதான். பெரிய சீட்டு எவரிடமோ அவருக்கு வெற்றி. அதற்கு மேலே ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஒன்று, அதாவது மூன்று ராணி போல ஒரே மாதிரி மூன்று சீட்டு. அடுத்தது தொடர் எண்களான வரிசை, 10,200 விதம். ஐந்தும் ஆட்டினாகவோ ஐந்தும் கிளாவராகவோ அமைவது 5,108 விதம்தான், ஆகவே வரிசையை வெல்லும். இதை ஓரினம் என்று சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. ஒரு மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் 'ஃபுல் ஹவுஸ்'. அதை நிறைவீடு என்று பெயர்த்தால் கிரகப்பிரவேசப் பத்திரிகை போலாகிவிடும். மூணும் ரெண்டும் என்றாலே போதும். அதற்கும் மேலே நான்கு ஒன்று, அதாவது ஒரே மாதிரி நான்கு சீட்டு; பிறகு ஓரின வரிசை. பத்திலிருந்து ஏஸ் வரை ஒரே இனத்தில் அமையும் ராஜ வரிசை உச்சி. மொத்தக் கட்டிலும் நாலே நாலு.

மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். அதில் வரிசை 720 விதம், ஓரினம் 1,096 விதம் என்பதால் வரிசைதான் பெரியது. ஆனால் உச்சியில் ஒரு கோணல்: ஓரின வரிசை 48 விதம்தான், மூன்றும் ஒன்றாக வருவது 52. அபூர்வமானது முன்னதென்றாலும் மகுடம் பின்னதற்கே. முன்னூற்றுநாலு ஆடுபவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை: போக்கரில் துருப்பு கிடையாது, நான்கு இனமும் சமம்.

சரி, 'பிளஃப்' என்பதற்குத் தமிழ் என்ன? பீற்றல், சவடால் எல்லாம் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் இருப்பதைச் சொல்லியும் பீற்றலாம். கையில் ஒன்றும் இல்லாமல் விடுவது உதார். நல்ல கையை வைத்துக்கொண்டு இல்லாதது போல் நடிப்பது பாவ்லா.

புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆட்டின் ராணி, ஆட்டின் 9, ஆட்டின் 4, இஸ்பேட் 7, டைமன் 2. என்னிடம் ஆட்டின் ஏஸ், கிளாவர் 6. ஒரு ஜோடிகூட இல்லை. எதிராளியிடம் ராணி ஜோடி. சேர்ந்திருப்பது 40 கொட்டை. நான் மேலும் 30-ஐத் தள்ளுகிறேன். ஏஸ் என் கையில் இருப்பதால் உச்ச ஓரினம் அவரிடம் இருக்க முடியாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மூன்று ஆட்டினையும் பார்க்கிறார், என் முகத்தைப் பார்க்கிறார், ராணியைக் கவிழ்க்கிறார். கொட்டையை வாரிக்கொள்கிறேன். விதிப்படி என் சீட்டை நான் காட்ட வேண்டியதில்லை.