வெங்காயம் தின்ற மாடு

பல்லடம் பக்கம் ஒரு தொழுவம். மாட்டுக்குக் காய்ச்சல் இல்லை, மடியில் வீக்கமும் இல்லை. ஆனாலும் இரண்டு நாளாகச் சொசைட்டியில் பாலைத் திருப்பி அனுப்புகிறார்கள். "டாக்டருங்க, ஒரு சொட்டுத் தண்ணி கலந்திருப்பனுங்களா?" என்று அந்தம்மா கண் கலங்கினார். கேனைத் திறந்து முகர்ந்தேன். சட்னிக்கு வெங்காயம் உரித்துவைத்த மாதிரி வாசம். மூலையில், விலை போகாத சின்ன வெங்காயம் குவியலாகக் கிடந்தது.

வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ் தழை இவற்றின் வாசம் ரத்தத்தில் கலந்து அரை மணி நேரத்திலேயே மடிக்கு வந்துவிடும். தின்னக்கூட வேண்டாம், மூச்சில் இழுத்தாலே போதும். நாலைந்து மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கும். அதனால் வாசமுள்ள தீவனத்தைக் கறந்த பிறகு போடுங்கள். வெங்காயத்தை மட்டும் எப்போதுமே கூடை கூடையாகக் கொட்டாதீர்கள். அது மாட்டின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மூத்திரம் காபி நிறத்தில் போனால் பாலை மறந்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பால் வாங்குகிறவர்களும் நிறம் மாறினால் "என்னமோ கலக்குறான்" என்கிறார்கள். கலப்படமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐப்பசி மழைக்குப் பின் பச்சைப்புல் மேய்ந்த பசுவின் பாலில் கரோட்டின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ஏறி மஞ்சள் தட்டும். சித்திரையில் காய்ந்த சோளத்தட்டும் வைக்கோலும் தின்றால் வெளுக்கும். எருமை கரோட்டினை வைட்டமின் ஏ ஆக்கிவிடுவதால் எல்லா மாதமும் வெள்ளைதான். பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் கோம்தே என்றொரு சீஸ். கோடைப் புல் தின்ற பாலில் செய்தது மஞ்சள், குளிர்கால உலர்புல் பாலில் செய்தது வெளிர். அங்கே இதைச் சொல்லியே விற்கிறார்கள். நாம் பால்காரரை மாற்றுகிறோம்.

அதே பிரான்சில் இருக்கும் அக்கா மகள், "மாமா, டப்பாப் பால் அடுப்புல மறந்துட்ட பால் மாதிரி இருக்கு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நம் பாக்கெட் பாலை வழக்கமாக 72 டிகிரியில் 15 வினாடி சூடாக்குவார்கள். அவள் சொன்ன டப்பாப் பாலோ 135 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கியது. அந்தச் சூட்டில் புரதத்திலிருந்து கந்தக வாசம் கிளம்பும். கெட்டுப்போன பால் அல்ல.

வெங்காயத்தை நிறுத்திய மறுநாள் சொசைட்டியில் பாலை எடுத்துக்கொண்டார்கள். மிச்சக் குவியலை என்ன செய்வது என்று அந்தம்மா போனில் கேட்டார். குப்பைக்குழியில் கொட்டச் சொன்னேன், மாட்டைத் தூரமாகக் கட்டிவிட்டு.