கார்டு செத்துருச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி முறையா கழட்டிப் பாருங்க

தங்கச்சிமடத்துல போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்க ஒரு தம்பி, சிபியுவை வண்டியில முன்னாடி வெச்சுக்கிட்டு பாலம் தாண்டி ராமநாதபுரத்துல என் கடை வரைக்கும் வந்துட்டாரு, "அண்ணே கிராபிக்ஸ் கார்டு போயிருச்சு, ரெண்டு கல்யாண ஆல்பம் பாதியில நிக்குது, புதுசு போட்டுக் குடுங்க"ன்னு. ஃபேன் சுத்துது, ஆனா அந்தக் கார்டு மானிட்டருக்கு அனுப்புற படம் வரலை. தொறந்து பார்த்தா கார்டோட கால் வரிசையில, அதாவது ஸ்லாட்டுக்குள்ள போற தங்கக் கலர் பட்டைகள்ல, சாம்பலும் பச்சையுமா களிம்பு. துடைச்சுக் காய வெச்சு வேற மதர்போர்டுல போட்டேன், உடனே படம் வந்துருச்சு. ஆனா அவரு வீட்டுலயே அதைக் கழட்ட முயற்சி பண்ணியிருக்காரு, ஸ்லாட் (மதர்போர்டுல கார்டு சொருகுற இடம்) ஓரத்துல இருக்க லாக்கை அமுக்காம இழுத்ததுல லாக் ஒடஞ்சு, ஸ்லாட்டுக்குள்ள ரெண்டு பின் வளைஞ்சு படுத்துருச்சு. கார்டுக்கு ஒண்ணும் ஆகலை, போனது மதர்போர்டு ஸ்லாட்டு.

இந்தக் கரையில இதை நான் எத்தனையோ தடவை பார்த்துட்டேன். செத்துருச்சுன்னு வர்ற கார்டுல நிறைய சாகவே இல்ல, அதைக் கழட்டுற அவசரத்துலதான் நிஜமான சேதம் நடக்குது.

ஏன் இங்க இப்படின்னா, நமக்கு வடகடலும் இருக்கு தென்கடலும் இருக்கு, வாடைக் காத்து அடிச்சாலும் கச்சான் காத்து அடிச்சாலும் உப்பு வீட்டுக்குள்ள வந்துரும். கடல் உப்புல சோடியம் குளோரைடு மட்டும் இல்ல, மெக்னீசியம் குளோரைடும் இருக்கு, அது காத்துல ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே தண்ணிய இழுத்துக்கும். அதனால போர்டு மேல படியிற உப்புத் தூசி எப்பவும் லேசா நனைஞ்சேதான் கிடக்கும். கார்டு கால்ல இருக்கது தங்கப்பூச்சுதானே, தங்கம் துருப்பிடிக்குமான்னு கேப்பாங்க. தங்கம் பிடிக்காது, ஆனா அந்தப் பூச்சு ஒரு மைக்ரான் கூட கிடையாது, அதுக்குக் கீழ நிக்கல், அதுக்கும் கீழ செம்பு, பூச்சுல ஒரு ஊசிமுனை ஓட்டையோ கீறலோ இருந்தா உப்புத்தண்ணி உள்ள போயி செம்பைத் தின்னு பச்சையா வெளிய தள்ளும். பாம்பன் பழைய ரயில் பாலம் 1914-ல தொறந்தது, அந்த இரும்பைக் காப்பாத்த காலம் பூரா பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, 2022 டிசம்பர்ல அதுல ரயிலை நிறுத்திட்டாங்க, 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துல துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் போட்டிருக்காங்க. அதே காத்தைத்தான் உங்க சிபியு ஃபேனும் நாள் பூரா உள்ள இழுத்துக்கிட்டு இருக்கு.

ஏசி ரூம்ல வெச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு. ராத்திரி ஏசிய நிறுத்திட்டு உடனே கதவைத் தொறந்து போட்டா, வெளிய இருக்க ஈரக்காத்து குளுந்து கிடக்க போர்டு மேல வேர்த்துப் படியும், ஐஸ் வாட்டர் டம்ளர்ல வேர்க்குற மாதிரி. ஏசிய நிறுத்துனா கொஞ்ச நேரம் ரூமை மூடியே வைங்க.

இப்ப கழட்டுற விஷயம். கம்ப்யூட்டரை ஸ்லீப்ல போடாம ஷட் டவுன் பண்ணுங்க. அதோட நிறுத்திராதீங்க, ஏன்னா ஷட் டவுன் பண்ணினாலும் எஸ்எம்பிஎஸ் (உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்குற பெட்டி) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை குடுத்துக்கிட்டேதான் இருக்கும், சில போர்டுல அதுக்குன்னு ஒரு சின்ன லைட்டே எரியும், அந்த நேரத்துல கார்டை உருவுனா கார்டும் போகலாம் போர்டும் போகலாம். பவர் கேபிளை உருவிட்டு, பவர் பட்டனை ஒரு 10 செகண்ட் அமுக்கிப் பிடிங்க, கப்பாசிட்டர்ல மிச்சம் தேங்கியிருக்க கரண்ட் வடிஞ்சுரும். அப்புறம் கேபினெட் இரும்புல பெயின்ட் இல்லாத இடத்தை ஒரு தடவை தொட்டுட்டு வேலைய ஆரம்பிங்க, கடக்கரையில ஈரம் இருக்கதால ஸ்டேட்டிக் கம்மிதான், ஆனா ஏசி ரூம்ல காத்து காஞ்சு போயிரும், அங்க பாலியஸ்டர் சட்டையோட உக்காந்திருந்தா கண்டிப்பா ஏறும்.

மானிட்டர் கேபிளை, ரெண்டு பக்கம் ஸ்க்ரூ இருந்தா அதையும் கழட்டி, உருவிட்டீங்களான்னு பாருங்க, உள்ள கார்டு மேல தனியா பவர் கேபிள் போகுதான்னும் பாருங்க, அடுத்து பின்பக்கத் தகட்டோட ஸ்க்ரூ. கடைசியாத்தான் லாக். நீளமான ஸ்லாட்டுல, கேபினெட்டுக்கு உள்பக்கம் இருக்க ஓரத்துல இருக்கும், சிலதுல கீழ அமுக்கணும், சிலதுல பக்கவாட்டுல தள்ளணும், டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு கை வைங்க. பெரிய கார்டா இருந்தா லாக் அதுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், விரல் போகாது, அதுக்கு ஐஸ்க்ரீம் குச்சி மாதிரி மரக்குச்சி வெச்சு அமுக்குங்க. ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீங்க, சறுக்கிச்சுன்னா போர்டுல ஒரு கோடு, அந்தக் கோட்டுல நாலு லைன் அறுந்துரும். லாக் விட்டதும் கார்டோட ரெண்டு முனையையும் பிடிச்சு நேரா மேல தூக்குங்க, வரலைன்னா நீளவாக்குல லேசா ஆட்டலாம், பக்கவாட்டுல ஆட்டவே கூடாது.

சுத்தம் பண்றதுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம்னு போட்ட பாட்டில், நூல் உதிராத துணி, அவ்வளவுதான். தின்னர் போட்டா பிளாஸ்டிக் இளகும், பெட்ரோல் எண்ணெய்ப் பசைய விட்டுட்டுப் போகும், சாதா தண்ணி வேண்டவே வேண்டாம், நம்ம ஊர் போர் தண்ணியிலயே உப்பு. பென்சில் ரப்பர் வெச்சுத் தேய்க்கிறது எல்லாக் கடையிலயும் நடக்குது, நானும் வருஷக்கணக்கா தேய்ச்சவன்தான், ஆனா அது களிம்போட சேர்த்து அந்த ஒரு மைக்ரான் கூட இல்லாத தங்கத்தையும் எடுத்துட்டுப் போகுதுன்னு ஒரே கார்டு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பி வந்தப்புறம்தான் எனக்கு உறைச்சுச்சு. இப்ப துணியில போகாத களிம்புக்கு மட்டும் வெள்ளை மெது ரப்பரை மெல்ல வெச்சு எடுத்துட்டு, தூளைப் பிரஷ்ல தட்டி, திரும்ப ஆல்கஹால்ல துடைக்கிறேன். பேனா மை அழிக்கிற நீல ரப்பர்ல மணல் மாதிரி இருக்கும், அதைத் தொடாதீங்க. ஸ்லாட்டுக்குள்ள ப்ளோயர் மட்டும் போதும், துணியச் சுத்தித் திணிச்சா பின் வளையும்.

திரும்பப் போடுறப்ப காலுல விரல் படக் கூடாது, நம்ம வேர்வையும் உப்புதான். ரெண்டு பக்கமும் சமமா அமுக்குங்க, லாக் டக்குன்னு விழுற சத்தம் கேக்கணும், அப்புறம் தகட்டு ஸ்க்ரூவை கண்டிப்பா போடுங்க, அது இல்லைன்னா கேபிள் இழுவையில கார்டு ஒரு பக்கம் தூக்கிக்கும். மானிட்டர் கேபிளை கார்டுல சொருகுங்க, மதர்போர்டு பின்னாடி இருக்க ஓட்டையில சொருகிட்டு படம் வரலைன்னு வர்றவங்களும் இருக்காங்க. ஸ்டூடியோ தம்பிக்கு ரெண்டாவது நீள ஸ்லாட்டுல போட்டுக் குடுத்தேன், பார்க்க ஒரே நீளமா இருந்தாலும் நிறைய போர்டுல அதுக்குள்ள 4 லேன்தான் (டேட்டா போற பாதை) வேலை செய்யும், ஆல்பம் வேலைக்கு அது போதும், கேம் ஆடுறவங்களுக்கு வேகம் குறையும்.

கீழக்கரையில ஒரு காலேஜ் பையன், துபாயில இருக்க அவங்க காக்கா (அண்ணன்) பெரிய கார்டா வாங்கி அனுப்பியிருந்தாரு, சொருகிட்டு சுவிட்ச் போடுறதுக்கு முன்னாடி எனக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினான், நல்லவேளை. பிராசஸருக்குப் போற 8 பின் கேபிளை கார்டுல திணிச்சு வெச்சிருக்கான். ரெண்டும் 8 பின்தான், ஆனா ஒண்ணுல 12 வோல்ட் இருக்க பக்கம் இன்னொண்ணுல கிரவுண்டு, போட்டிருந்தா நேரா ஷார்ட். கார்டுக்குப் போறது 6-ம் 2-மா பிரியும், பிராசஸருக்குப் போறது 4-ம் 4-மா பிரியும், அதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஸ்லாட்டு வழியா அதிகபட்சம் 75 வாட்டுதான் வரும், 8 பின் ஒண்ணுக்கு 150 வாட்டு, அவன் கார்டுல அது ரெண்டு இருந்துச்சு, இருந்த எஸ்எம்பிஎஸ்ஸோ விலை கம்மியான 450 வாட்டு. எஸ்எம்பிஎஸ்ஸை மாத்துற வரைக்கும் கார்டை பெட்டியிலயே வெச்சிருடான்னு சொன்னேன், அவங்க உம்மாகிட்டயும் போனைக் குடுக்கச் சொல்லி சொல்லிட்டேன்.

எர்த் பத்தி சொல்லாம விட முடியாது. கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு இருக்கா? எர்த் வேலை செய்யலைன்னு அர்த்தம். எஸ்எம்பிஎஸ் உள்ள ஃபில்டர் கப்பாசிட்டர் லைன்ல இருந்தும் நியூட்ரல்ல இருந்தும் கேபினெட்டுக்குப் போகும், எர்த் இல்லைன்னா கேபினெட் 230-ல பாதி, ஏறக்குறைய 115 வோல்ட்டுல மிதக்கும். கரண்ட் ரொம்பக் கம்மிதான், ஆனா அந்த நிலைமையில எச்டிஎம்ஐ கேபிளை டிவிக்கு சொருகுனா, டிவி பக்கம் கேபிள் ஒயர் வழியா எர்த் இருந்தா, அது மொத்தமும் கார்டோட போர்ட் வழியா இறங்கும். உச்சிப்புளிப் பக்கம் ஒரு வீட்டுல இப்படியே அடுத்தடுத்து ரெண்டு கார்டு போச்சு, பார்த்தா எர்த் பைப்பு மண்ணுக்குள்ள உப்புல அரிச்சு ஒடஞ்சு கிடக்கு. எலக்ட்ரீஷியனை வெச்சு வருஷம் ஒரு தடவை எர்த்தைப் பாருங்க, மூணாவது பின்னை வெட்டிட்டு ரெண்டு பின்னா சொருகாதீங்க.

கழட்டுன கார்டை கேரி பேக்ல போட்டு வைக்காதீங்க, அது ஸ்டேட்டிக் ஏத்தும். வந்த வெள்ளி கவர்லயே, சிலிகா ஜெல் பொட்டலத்தோட, காத்துப் போகாத டப்பாவுல வைங்க. கார்டு இருந்த இடத்துல காலித் தகடு ஒண்ணு போடுங்க, இல்லைன்னா அந்த ஓட்டை வழியா உப்புக்காத்து நேரா வரும், பல்லி குட்டி போகும், பல்லி எஸ்எம்பிஎஸ்ல மாட்டுனா ரெண்டும் சேர்ந்து போயிரும்.

நண்டு கம்பெனி, ஐஸ் கம்பெனி வெச்சிருக்கவங்களுக்குத் தனியா ஒண்ணு. எடை மிஷினை சீரியல் கார்டு வழியா பில்லிங் கம்ப்யூட்டர்ல சேர்த்திருப்பீங்க, அந்தக் கார்டைத் துடைக்கக் கழட்டினா எந்த ஸ்லாட்டுல இருந்துச்சோ அதே ஸ்லாட்டுலயே போடுங்க. ஸ்லாட் மாறுனா விண்டோஸ் அதைப் புதுக் கார்டுன்னு நெனச்சு காம் போர்ட் நம்பரை (எடை மிஷின் எந்த வழியில சேர்ந்திருக்குன்னு பில்லிங் தெரிஞ்சுக்குற நம்பர்) மாத்திரும், எடை வராது, படகு வந்து நிக்குற நேரத்துல பில் போட முடியாம கூடையெல்லாம் வெயில்ல காத்துக்கிட்டு கிடக்கும். மாறிட்டா டிவைஸ் மேனேஜர்ல போர்ட்ஸ் பகுதியில அந்தக் கார்டோட அட்வான்ஸ்டு செட்டிங்ல பழைய நம்பரையே திரும்பக் குடுக்கலாம், அதுக்கு முதல்ல பழைய நம்பர் தெரியணும், அதனால கழட்டுறதுக்கு முன்னாடியே ஒரு துண்டு ஸ்டிக்கர்ல எழுதி கேபினெட் மேல ஒட்டி வைங்க.