பணியில் இறந்த காவலரின் குடும்பம்: அறிவிப்புக்கு அப்புறம் ஆக வேண்டிய வேலைகள்

அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையினர் சுட்டதில் பத்துக் காவலர்கள் இறந்த நாள். முந்தைய ஓராண்டில் பணியில் உயிர்விட்டவர்களின் பெயர்களை அன்று வாசிப்பார்கள். வாசிக்கட்டும், நல்லதுதான். ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று சொல்லிக் கருவூலத்தில் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. அங்கே கேட்பது காகிதம்.

முதலில் நிவாரணத் தொகை. 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச்சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு எஸ்.ஐ. வில்சனின் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்தில் ரவுடியைப் பிடிக்கப் போய் வெடிகுண்டு வீச்சில் இறந்த காவலர் சுப்பிரமணியனுக்கு 50 லட்சம். 2021 நவம்பரில் ஆடு திருடர்களைத் துரத்திப் போய் வெட்டப்பட்ட சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதனுக்கு ஒரு கோடி. இப்படித் தொகை மாறுவதற்குக் காரணம், இது உரிமை அல்ல, முதல்வரின் முடிவு. ஆகவே ‘அவருக்குக் கொடுத்தீர்களே’ என்று கேட்டுப் பயன் இல்லை. கீழே சொல்பவைதான் உரிமையாகக் கேட்கக்கூடியவை.

எல்லாமே ‘பணியின்போது’ என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. வெட்டுப்பட்டு இறந்தவர் விஷயத்தில் பெரும்பாலும் சிக்கல் வராது. பந்தோபஸ்து முடிந்து அதிகாலையில் பைக்கில் திரும்பும்போது லாரி மோதி இறந்தவர் விஷயத்தில்தான் வரும். முதல் தகவல் அறிக்கையில் யாரோ அவசரத்தில் ‘வீட்டுக்குச் சென்றுகொண்டிருந்தபோது’ என்று மட்டும் எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரி பிறகு எல்லாக் கோப்பிலும் குறுக்கே நிற்கும். அதனால் காரியம் முடிவதற்குள்ளேயே உறவினர் ஒருவர் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் படித்துவிடுங்கள். அவரை எந்தப் பணிக்கு, எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்பது நிலையத்தின் பொது நாட்குறிப்பில் இருக்கும். அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுத்தில் மனு கொடுங்கள். உடன் வேலை பார்த்தவர்கள் ‘நாங்க பாத்துக்கறோம் அண்ணி’ என்பார்கள். மனதாரத்தான் சொல்வார்கள். ஆனால் ஆறு மாதத்தில் இடமாறுதலில் போய்விடுவார்கள்.

வாகன விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் தனியாக வழக்குப் போட வேண்டும். அரசு நிவாரணம் கொடுத்துவிட்டது, இனி முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டத்தில் ஆறு மாதம்தான் கெடு, வக்கீலை உடனே பாருங்கள்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்ததும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போகும். நின்றுபோவது பெயரில்தான். ஆதாரில் ‘செல்வி’, பணிப்பதிவேட்டில் ‘தமிழ்ச்செல்வி’, ரேஷன் கார்டில் தலைப்பெழுத்து வேறு. மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். இன்னொன்று, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் மனைவி, பிள்ளைகளுக்குச் சமமான வாரிசு. மாமியாரை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் ஆட்சேபனை வரும், கோப்பு மாதக்கணக்கில் கிடக்கும். மனஸ்தாபம் இருந்தாலும் பேசி முடித்துக்கொண்டு போவதே வேகமான வழி.

கருணை அடிப்படையிலான வேலையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ‘பையன் பெரியவனானதும் வாங்கிக்கலாம்’ என்று ஒரு அலுவலகத்தில் ஆறுதலாகச் சொல்லி அனுப்பினார்கள். பையன் பதினெட்டு முடித்து மனுவோடு போனபோது, காலம் கடந்துவிட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த ஆறுதல் எந்தக் கோப்பிலும் பதிவாகியிருக்கவில்லை. பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் மனைவியே விண்ணப்பிப்பதுதான் பாதுகாப்பு. முதல்வரே வேலை அறிவித்திருந்தாலும் தனியாக மனு கொடுத்துவிடுங்கள். குடும்ப வறுமை நிலைச் சான்றும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதமும் கேட்பார்கள். ‘முதலில் சான்றிதழ் எல்லாம் கொண்டு வாங்க, அப்புறம் மனு’ என்று திருப்பி அனுப்பினால், திரும்பி வராதீர்கள். மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, தேதியோடு முத்திரை போட்ட நகலை வாங்குங்கள். வாங்க மறுத்தால் சேர்ப்பித்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்.

சம்பளக் கணக்கு இருந்த வங்கியை யாரும் நினைப்பதே இல்லை. 2025 மே மாதம் தமிழக அரசு ஏழு வங்கிகளோடு போட்ட ஒப்பந்தப்படி, அரசு ஊழியர் விபத்தில் இறந்தால் ஒரு கோடி ரூபாய் காப்பீடு உண்டு. பிரீமியம் கிடையாது. ஆனால் அந்தக் கணக்கு வங்கியில் அரசு ஊழியர் சம்பளக் கணக்கு என்ற வகையில் பதிவாகியிருக்க வேண்டும். பழைய சாதாரண சேமிப்புக் கணக்காகவே கிடந்தால் கையை விரித்துவிடுவார்கள். இப்போது பணியில் இருப்பவர்கள் இதைப் படித்தால் நாளைக்கே கிளைக்குப் போய்க் கேளுங்கள். வங்கி தானாகக் கூப்பிட்டுச் சொல்லாது. கோருவதற்குக் கெடு உண்டு என்பதால் பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல்களோடு முதல் மாதமே எழுதிக் கொடுங்கள். கொலை விபத்தாகாது என்று காப்பீட்டு நிறுவனம் இழுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

குடும்ப ஓய்வூதியத்தில் முதலில் பார்க்க வேண்டியது பணியில் சேர்ந்த தேதி. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குக் கணக்கே வேறு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்த தொகையை வைத்து எதிர்பார்க்காதீர்கள். எந்த அரசாணைப்படி கணக்கிட்டார்கள் என்று எண்ணோடு கேளுங்கள்.

கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, ‘இந்தத் தேதியில் கொடுத்த மனு இன்று யார் மேசையில் இருக்கிறது?’ என்ற ஒரே கேள்வியைப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்பே கோப்பு நகர்ந்துவிடும்.