குப்பை மின்சாரத்தில் பசுமை எவ்வளவு?

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையின் மீட்டரில் ஒரே எண்தான் ஓடும். அதில் காய்கறிக் கழிவும் காகிதமும் மரத்துண்டும் தந்த பங்கு மட்டுமே புதுப்பிக்கத்தக்கது. பாலிதீன் பை பெட்ரோலியத்திலிருந்து வந்தது. அதை எரிப்பதும் எண்ணெயை எரிப்பதும் ஒன்றுதான்.

“எங்கள் ஊரில் பெரும்பகுதி மக்கும் குப்பைதானே?” என்று கேட்பவர்கள் எடையை நினைத்துக் கேட்கிறார்கள். ஈரமான சமையலறைக் கழிவு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 4 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். காய்ந்த பாலிதீன் ஒரு கிலோ 40-க்கு மேல் தரும். 90 கிலோ ஈரக் கழிவோடு 10 கிலோ பாலிதீன் கலந்தாலே, வெப்பத்தில் பாதிக்கு மேல் பாலிதீனுடையது.

கொட்டிக் கிடக்கும் குப்பையில் நாலு கூடை அள்ளித் தரம் பிரித்தால் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு விடை வரும். அதனால் நான் புகைபோக்கியில்தான் அளக்கச் சொல்வேன். உலையே எல்லாவற்றையும் கலந்து கொடுத்துவிடுகிறது. அண்மையில் வளர்ந்த செடி, மரத்தின் கார்பனில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் இருக்கும். அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டு புதைந்திருந்த எண்ணெயில் அது மிஞ்சியிருக்காது. புகையின் ஒரு சிறு பங்கைக் குழாய் வழியே இழுத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதில் கார்பன்-14 எவ்வளவு என்று பார்த்தால், புகையிலுள்ள கார்பனில் செடி, மரத்தின் பங்கு, அதாவது பசுமைப் பங்கு, தெரிந்துவிடும். புகையின் ஓட்டம் கூடினால் இழுக்கும் அளவும் கூட வேண்டும். அமெரிக்காவில் பசுங்குடில் வாயுக் கணக்குக்காக, நகரக் குப்பையை எரிக்கும் பெரிய ஆலைகள் காலாண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 24 மணி நேரம் மாதிரி எடுத்து இப்படிச் சோதிக்கின்றன.

இதிலும் கவனம் வேண்டும். ஆராய்ச்சிக்கூடக் கழிவில் கதிரியக்கக் கார்பன் துளி கலந்தாலும் பசுமைப் பங்கு பொய்யாக ஏறிவிடும். அப்புறம், கார்பன் பங்கும் ஆற்றல் பங்கும் ஒன்றல்ல. ஒரே அளவு கார்பனுக்குக் காகிதத்தைவிடப் பாலிதீன் கூடுதல் வெப்பம் தரும். புகையில் 60 சதவீதம் என்று வந்ததை மின்சாரத்துக்கும் 60 என்று எழுதிவிடக் கூடாது.

இந்தியாவின் 2016 மின்கட்டணக் கொள்கைப்படி, மாநிலத்திலுள்ள குப்பை மின்நிலையங்களின் மின்சாரம் முழுவதையும் விநியோக நிறுவனங்கள் வாங்கியாக வேண்டும். உங்கள் ஊருக்கு அப்படியொரு திட்டம் வந்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: பசுமைப் பங்கை எந்த முறையில் அளப்பீர்கள், மாதிரி எத்தனை மணி நேரம் எடுப்பீர்கள், குப்பை நனைந்து கிடக்கும் மழைக்காலத்திலும் எடுப்பீர்களா, உலையைப் பற்றவைக்க ஊற்றும் டீசலைக் கழிப்பீர்களா?